நானூறு அடிக்கு அப்பால் மோட்டார்: ரெண்டரையா, நாலா, ஆறா, அலுமினியமா?

கொங்கு நாட்டில் விவசாயி ஊருக்குள் குடியிருப்பதைவிடத் தோட்டத்துக்குள் குடியிருப்பதே வழக்கம். மின்கம்பம் ரோட்டோரம் நிற்கும், மீட்டர் பெட்டியும் அதை ஒட்டி ஒரு சின்ன ரூமில் இருக்கும். கிணறு, கட்டுத்தறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தோட்டத்தின் மறுகோடியில் கிடக்கும். நடுவிலுள்ள நானூறு ஐந்நூறு அடியை ஒயர்தான் கடந்தாக வேண்டும். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் மேய்ச்சல் காட்டுக்கு நடுவில் சாளை (தோட்டத்து வீடு) போட்டிருப்பவர்களுக்குத் தூரம் இன்னும் கூடும்.

என்ன ஒயர் வாங்குவது என்று கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஒன்றரை எச்.பி. தானுங்களே, ரெண்டரை எம்.எம். போதுமுங்க. இருபது ஆம்பியர் தாங்குமுங்க." அவர் சொல்வது பொய்யில்லை. ஒயர் சூடேறி உருகாது என்று அவர் உறுதி சொல்கிறார். நானூறு அடி தள்ளி மோட்டார் வைத்திருப்பவருக்கு அந்த உறுதி பாதிக் கிணறுதான் தாண்டும். கடைசி முனையில் மோட்டாருக்கு எத்தனை வோல்ட் மிஞ்சும், வழியில் எத்தனை வாட் வீணாகும் என்று தெரிந்தால்தான் ஒயரைத் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு ஓம் விதியும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் போதும்.

கணக்குக்கு ஒரு சாதாரண நிலவரத்தை எடுத்துக்கொள்கிறேன். சிங்கிள் பேஸில் ஓடும் 1.5 எச்.பி. மோட்டார். பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது. மீட்டர் பெட்டியிலிருந்து 400 அடி, மீட்டர் நீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 120.

இந்த 10 ஆம்பியரிலேயே பலர் தடுமாறுவார்கள். ஒரு எச்.பி. 746 வாட், ஒன்றரைக்கு 1119 வாட், அதை 230-ஆல் வகுத்தால் 4.9 ஆம்பியர்தானே என்று கேட்பார்கள். எச்.பி. என்பது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் வேலை. அந்த வேலையைக் கொடுக்கச் சின்ன சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரத்தை உள்ளே வாங்கும். மிச்சம் சூடாகவும் உராய்வாகவும் போய்விடும். பவர் ஃபேக்டர் என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டு ஆம்பியரைக் கொஞ்சம் ஏற்றும். ஆகவே எச்.பி.யிலிருந்து ஆம்பியரை நாமே கண்டுபிடிக்கப் போக வேண்டாம், பலகையில் உள்ளதை எடுத்துக்கொள்வதே சரி. பலகை அழிந்துபோன பழைய மோட்டார் என்றால், ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்துவிடலாம்.

இனி ஒயரின் மின்தடை. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி வெப்பத்தில் 0.0172 ஓம் தடை கொடுக்கும். அலுமினியம் 0.0283. நீளம் கூடினால் தடை கூடும், தடிமன் கூடினால் குறையும். நம் ஊர் வெயிலில் 20 டிகிரி ஏது? வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். ஒயர் 50 டிகிரிக்குப் போனால் 12 சதவீதம் கூடுதல். இணைப்புகளுக்கும் கொஞ்சம் சேர்த்து, செம்புக்கு 0.02 என்றும் அலுமினியத்துக்கு 0.033 என்றும் நான் வைத்துக்கொள்வேன். மனக்கணக்குக்கும் சுலபம், பிழை வந்தாலும் பாதுகாப்பான பக்கம்தான் வரும்.

ஒயரின் நீளத்தைப் போடும்போது 120 என்று போட்டால் கணக்கு பாதியாகிவிடும். கரண்ட் பேஸ் கம்பியில் போய் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருகிறது. ஆகவே 240 மீட்டர்.

2.5 சதுர மி.மீ. செம்பு: 0.02 × 240 ÷ 2.5 = 1.92 ஓம்.
4 செம்பு: 1.2 ஓம்.
6 செம்பு: 0.8 ஓம்.
10 அலுமினியம்: 0.033 × 240 ÷ 10 = 0.79 ஓம்.

ஆம்பியரை ஓமால் பெருக்கினால் ஒயரில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் வீணாகும் வாட். 10 ஆம்பியருக்கு, 2.5 செம்பில் 19.2 வோல்ட் போகும், 192 வாட் வீண். 4 செம்பில் 12 வோல்ட், 120 வாட். 6 செம்பிலும் 10 அலுமினியத்திலும் ஏறத்தாழ 8 வோல்ட், 80 வாட்.

இங்கே பாலிடெக்னிக் பையன்கள்கூட ஒரு குழப்பத்தைக் கிளப்புவார்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தாலும் வாட் வரும் என்றுதானே படித்தோம்? அப்படியானால் ஓம் குறைந்தால் வாட் கூட வேண்டுமே, தடித்த ஒயரில் வீணாவது அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? சூத்திரத்தில் தவறில்லை, 230-ஐ அதில் போடுவதுதான் தவறு. ஒயரின் இரண்டு முனைகளுக்கும் இடையே விழுகிற வோல்ட்டைத்தான் அங்கே போட வேண்டும். 19.2 × 19.2 ÷ 1.92 போட்டுப் பாருங்கள், அதே 192 வரும். ஒயரும் மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் நிற்கின்றன. 230 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஒயரில் வோல்ட் இழப்பு 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது மோட்டார் வேலையில் பொதுவான அளவு. 230-க்கு 5 சதவீதம் 11.5 வோல்ட். 2.5 செம்பு 8 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 4 செம்பு மயிரிழையில் வெளியே நிற்கிறது. மற்ற இரண்டும் தாராளமாகத் தேறும். இதே அளவைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயனுள்ள பதில் கிடைக்கும்: 10 ஆம்பியர் மோட்டாருக்கு 2.5 செம்பு ஏறத்தாழ 235 அடி வரை போகலாம், 4 செம்பு 375 அடி, 6 செம்பு 565 அடி. நூறு அடியில் மோட்டார் இருப்பவருக்குக் கடைக்காரர் சொன்ன ரெண்டரை முழுக்கச் சரி. அவர் பார்க்கும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள், அதனால்தான் அந்தப் பதில் அவர் நாக்கில் நிற்கிறது.

பெரியவர்கள் சிலர் இன்னும் 7/20, 7/22 என்றுதான் ஒயர் கேட்பார்கள். ஏழு இழை, ஒவ்வொன்றும் 20-ஆம் கேஜ் என்று பொருள். 20-ஆம் கேஜ் கம்பியின் குறுக்களவு 0.914 மி.மீ.; ஏழு இழையும் சேர்ந்தால் 4.6 சதுர மி.மீ. வரும். 7/22 என்றால் 2.8. இந்தப் பழைய கணக்கில் வாங்கி ஓட்டிய ஒயரை இப்போதைய 4, 2.5-ஓடு ஒப்பிடும்போது பழையது கொஞ்சம் தடிமன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு 19 வோல்ட் குறைவது பெரிய பஞ்சமில்லை என்று தோன்றும். உண்மையில் பஞ்சம் வருவது ஸ்டார்ட் ஆகும் அந்த ஒன்றிரண்டு நொடியில். நிற்கிற மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து மடங்குவரை இழுக்கும். நம் மோட்டாருக்கு 50 ஆம்பியர். அந்த நொடியில் மோட்டாரை ஒரு வெறும் தடையாகப் பார்த்தால் 230 ÷ 50 = 4.6 ஓம். அதோடு 2.5 ஒயரின் 1.92-ஐக் கூட்டினால் 6.52 ஓம். இப்போது கரண்ட் 230 ÷ 6.52, அதாவது 35 ஆம்பியர்தான் வரும். மோட்டாரின் முனையில் 35.3 × 4.6 = 162 வோல்ட். மோட்டாரின் சுழற்றும் வலு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 162-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் பாதி. முழு வலுவில் பாதியை வைத்துக்கொண்டுதான் அந்த மோட்டார் தண்ணீர்ப் பாரத்தோடு கிளம்பியாக வேண்டும்.

4 செம்பில் 182 வோல்ட், 63 சதவீத வலு. 6 செம்பில் 196 வோல்ட், 73 சதவீதம். மோட்டார்ச் சுருளில் தடை மட்டுமல்லாமல் இண்டக்டன்ஸும் (மாறும் கரண்டை எதிர்க்கும் சுருளின் குணம்) இருப்பதால் ஓம்களை இப்படி நேராகக் கூட்டுவது நிலைமையைக் கொஞ்சம் மிகைப்படுத்தும். உண்மையில் வோல்ட் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். ஒயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும் வேளையில் மீட்டரிலேயே 200 வோல்ட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 ஒயரின் கடைசியில் ஸ்டார்ட் ஆகும்போது 141 வோல்ட், வலு 38 சதவீதம். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. சுற்றாத மோட்டார் 30 ஆம்பியரை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். காயில் கருகிய வாசம் வருவதற்குள் யாராவது ஓடிப்போய் நிறுத்தினால் உண்டு. 6 செம்பாக இருந்தால் அதே 200-க்கு 170 வோல்ட், 55 சதவீதம், பெரும்பாலும் கிளம்பிவிடும். காயில் கட்டும் கடைக்கு வருகிற மோட்டார்களில் "மோட்டார் சரியில்லை" என்று பழி சுமப்பவை பல. அவற்றில் எத்தனையோ மோட்டாருக்கு ஒயர்தான் எமன்.

ஒயர் வாங்கக் கிளம்புமுன் ஏற்கெனவே இருப்பதை அளந்து பார்ப்பது நல்லது. மோட்டார் ஓடும்போது மீட்டர்ப் பக்கத்தில் ஒரு வோல்ட் அளவு, மோட்டார் முனையில் ஒரு வோல்ட் அளவு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர். மின்சாரம் உள்ளபோது அளப்பது எலக்ட்ரீஷியன் கைவேலை, வீட்டுக்காரர் இறங்க வேண்டாம். இரண்டு வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் ஒயரின் உண்மையான தடை வந்துவிடும். மீட்டரில் 221, மோட்டாரில் 200, கரண்ட் 11 என்றால் 21 ÷ 11 = 1.91 ஓம். கணக்கு 1.92 சொன்னது, ஆக ஒயரில் குறையில்லை, தடிமன்தான் போதவில்லை. இதற்கு மாறாக வித்தியாசம் 31 வோல்ட், கரண்ட் 10.5 என்று வந்தால் தடை 2.95 ஓம். கணக்குக்கு மேல் ஒரு ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. 120 மீட்டரில் எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது பியூஸ் கேரியரின் தகடு கருகியிருக்கும். 10.5 × 10.5 × 1.03 என்று போட்டால் நூறு வாட்டுக்கு மேல் அந்த ஒரே இடத்தில் சூடாகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இணைப்பின் கதி புரியும். இப்படிப்பட்ட இடத்தில் புது ஒயர் வாங்குவது வீண் செலவு. இணைப்பை வெட்டி, சுரண்டி, சரியான லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது.

சரி, ஒயரை மாற்றாமல் மோட்டார் ரூமில் ஒரு ஸ்டெபிலைசரை வைத்துவிட்டால் என்ன? நிறையப் பேர் போகிற வழி இது. ஒயர் பிடுங்கிப் புதைக்கும் வேலை இல்லை, அன்றைக்கே முடியும். கணக்கைப் போட்டால் எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. மீட்டரில் 210 வோல்ட் என்று வையுங்கள். பவர் ஃபேக்டரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மோட்டாருக்கு வேண்டியது சுமார் 2100 வாட், ஸ்டெபிலைசர் தன் பங்குக்கு நூறு தின்னும். 2200 வாட்டை அந்த ஒயரின் கடைசியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 11.7 ஆம்பியர் ஓடியாக வேண்டும். 1.92 ஓமில் 22.5 வோல்ட் விழுந்து ஸ்டெபிலைசருக்குள் 187.5 வோல்ட் நுழையும். ஒயரில் வீணாவது 192-லிருந்து 265 வாட்டுக்கு ஏறிவிட்டது. நோய் ஒயரில், மருந்து மோட்டாருக்கு. மருந்தே ஒயரின் பாரத்தைக் கூட்டுகிறது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் நிலைமை இன்னும் மோசம்: வோல்ட் சரிந்ததும் ரிலே டக்டக்கென்று மாறும், அது மாறி முடிப்பதற்குள் மோட்டார் திணறிவிடும். ஊர் டிரான்ஸ்பார்மரிலேயே லோ வோல்டேஜ், ஒயர் நல்ல தடிமன் என்ற இடத்தில் மட்டும் ஸ்டெபிலைசருக்கு வேலை இருக்கிறது.

பழைய 2.5-ஐக் கழற்றாமல், கூடவே இன்னொரு 2.5 இழுத்து இரண்டு முனையிலும் சேர்த்துக் கட்டுவது இன்னொரு வழி. இரண்டு சமமான தடைகள் பக்க இணைப்பில் நின்றால் மொத்தத் தடை பாதியாகும்: 0.96 ஓம். இழப்பு 9.6 வோல்ட், 96 வாட். ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது, செலவும் புது 6 வாங்குவதைவிடக் குறைவு. பழைய 2.5-ஓடு 4 சேர்த்தால் 1.92 × 1.2 ÷ 3.12 = 0.74 ஓம், அதாவது 6-ஐவிடவே நல்லது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த யோசனை கிடையாது. தோட்டத்தில் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. இரண்டில் ஒன்றின் இணைப்பு கழன்றுவிட்டால் மோட்டார் நிற்காது. மிச்சமுள்ள ஒரே ஒயரில் முழு கரண்டும் ஓடும், யாருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பெரிய எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வைத்திருந்தால் அந்த ஒற்றை ஒயரைக் காப்பாற்ற அதனால் முடியாது. தடிமன் வேறு வேறாக இருந்தால் கரண்டும் சமமாகப் பிரியாது. மேலே சொன்ன 2.5-க்கும் 4-க்கும் இடையே 10 ஆம்பியர் 3.85, 6.15 என்று பிரியும். ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே நாளில் வாங்கிய ஒயர், ஒரு ஒயர் தாங்கும் அளவுக்கு மட்டுமே எம்.சி.பி. என்றால் செய்யலாம். பழையதோடு புதியதை முடிச்சுப் போடுவதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

உண்மையான போட்டி 6 செம்புக்கும் 10 அலுமினியத்துக்கும்தான். இந்தியத் தர அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண்: 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 3.08 ஓம். மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான், எந்த உலோகம் வழியாக வந்தோம் என்று வோல்ட்டுக்குத் தெரியாது. வித்தியாசம் முழுவதும் பையிலும் மண்ணிலும்.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எடையை வைத்துப் பார்ப்பது நிலையானது. 6 சதுர மி.மீ. செம்பு 240 மீட்டர் என்றால் 12.9 கிலோ செம்பு. 10 சதுர மி.மீ. அலுமினியம் அதே நீளத்துக்கு 6.5 கிலோ. தடிமன் கூடியும் எடை பாதி, ஏனென்றால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம். கிலோவுக்குச் செம்பு அலுமினியத்தைப்போல மூன்று நான்கு மடங்கு விற்கும். உலோகத்தை மட்டும் பார்த்தால் செம்பு ஆறிலிருந்து எட்டு மடங்கு செலவு. மேலுறை, கவசக் கம்பி, கம்பெனிக் கூலி எல்லாம் சேர்ந்த பிறகு கடை விலையில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கும், ஆனாலும் அலுமினியம் பக்கமே சாயும்.

செம்புக்கு இன்னொரு பாதகமும் உண்டு. திருப்பூர், கோவை, ஈரோடு மாவட்டங்களில் கிணற்று மோட்டார் கேபிள் திருட்டு எல்லாருக்கும் பழகிப்போன செய்தி. ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி எடுத்து, மேலுறையை எரித்து, செம்பை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். 13 கிலோ செம்பைத் தரைக்கு மேலே நானூறு அடிக்குத் தொங்கவிடுவது அவர்களைக் கூப்பிடுவதற்குச் சமம். மண்ணுக்குள் இரண்டரை அடி ஆழத்தில் கிடக்கும் அலுமினிய கவசக் (ஆர்மர்டு) கேபிளுக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. தென்னந்தோப்பாக இருந்தால் மேலே தொங்குகிற ஒயரின்மேல் மட்டை விழும் தொல்லை வேறு. பொள்ளாச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அலுமினியத்தின் பலவீனம் முழுக்க முனைகளில். காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டும், அது மின்சாரத்தைத் தடுக்கும். திருகின் அழுத்தத்தில் உலோகம் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். முறுக்கி வைத்த திருகு சில மாதங்களில் தளர்ந்திருக்கும். செம்போடு நேராக முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். மேலே பார்த்த அந்த ஒளிந்திருக்கும் ஒரு ஓம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஸ்டார்ட்டருக்குள் போகும் முனைக்கு அலுமினிய லக், செம்பைச் சந்திக்கும் இடத்தில் இரு உலோக லக், படலத்தைத் தடுக்கும் பசை, சரியான கிரிம்பிங் கருவி — இந்த நான்கும் உள்ள எலக்ட்ரீஷியன் கிடைத்தால் அலுமினியம். கட்டிங் பிளேயரால் முறுக்கி டேப் சுற்றுகிறவர்தான் கிடைக்கிறார் என்றால் பேசாமல் 6 செம்புக்குக் காசைக் கொடுத்துவிடலாம். செம்பு அந்த அலட்சியத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இத்தனையையும் ஒரே அடியில் அடிக்கும் வழி ஒன்று இருக்கிறது, மூன்று பேஸ் கிடைக்கிறவர்களுக்கு. அதே 1.5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் 400 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர்தான் இழுக்கும். 2.5 செம்பு மூன்று கம்பி இழுத்தால் ஒவ்வொன்றும் 0.96 ஓம். வீணாவது 3 × 3 × 3 × 0.96 = 26 வாட். வோல்ட் இழப்பு ஒயருக்கு ஒயர் 3 × 0.96 × 1.73 = 5 வோல்ட் (மூன்று பேஸில் 1.73-ஆல் பெருக்க வேண்டும்), 400-ல் ஒன்றேகால் சதவீதம். சிங்கிள் பேஸில் 13 கிலோ செம்பு செய்யாததை இங்கே 8 கிலோ செம்பு செய்துவிடுகிறது. இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் ஆம்பியரைக் குறைப்பதைப் போல லாபமான வேலை வேறில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரத்தை நீலகிரியிலிருந்து கோவை மில்களுக்கு இறக்கியபோது உயர் அழுத்தத்தில் கொண்டுவந்ததற்கும் இதுதான் காரணம். கண்டென்சர் வைத்து மோட்டாரை டூ பேஸில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இந்த லாபத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்போது ஆம்பியர் வேறு, காயிலின் ஆயுளும் வேறு.

போர்வெல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள்: குழிக்குள் இறங்கும் கேபிளும் நீளம்தான். மூன்று பேஸ் 5 எச்.பி. சப்மெர்சிபிள், 10 ஆம்பியர், 600 அடி ஆழம் என்றால் உள்ளே 183 மீட்டர், வெளியே 120, ஆக 303 மீட்டர். 4 செம்பு ஒரு கம்பிக்கு 1.5 ஓம், வோல்ட் இழப்பு 26, அதாவது 6.6 சதவீதம், 450 வாட் வீண். 6 செம்பு போட்டால் 17.5 வோல்ட், 4.4 சதவீதம், 300 வாட். மேலே 400 அடியை மட்டும் பார்த்து "4 போதும்" என்று முடிவெடுத்தவர் ஏமாறுவது இங்கேதான். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் தேடும் ஊர்களில் 6-கூட யோசிக்க வேண்டிய அளவு.

கடைசியாகப் பணக் கணக்கு. 2.5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் 112 வாட். தினம் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 67 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 540 ரூபாய்கூட இல்லை. இதற்காக மட்டும் ஒயரை மாற்றினால் போட்ட காசு திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். அதே பாரம் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக் குடோனில் தினம் 16 மணி நேரம் ஓடினால் 538 யூனிட், ஆண்டுக்கு 4300 ரூபாய். அங்கே தடித்த ஒயர் சீக்கிரமே தன் விலையை மீட்டுவிடும். வீட்டு சர்வீஸில் ஓடுகிற மோட்டாருக்கு இன்னொரு நுணுக்கம்: கட்டணம் படிப்படியாக ஏறுவதால் வீணாகும் யூனிட் எப்போதும் உச்சப் படியின் விலையில்தான் விழும்.

விவசாய சர்வீஸ் என்றால் மேலே சொன்ன பணக் கணக்குக்கே வேலையில்லை. மின் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மாட்டுவண்டிகளோடு கோவைக்குள் இறங்கிய விவசாயிகளின் போராட்டம் தொட்டு, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது வரை நடந்தது ஊரறிந்த கதை. அதன் பிறகு ஒயரில் வீணாகும் வாட்டுக்கு விவசாயி காசு கட்டுவதில்லை. ஆகவே அவர் 192 வாட்டைப் பார்க்கத் தேவையில்லை, 162 வோல்ட்டைப் பார்த்தால் போதும். காயில் கட்டும் செலவும், மோட்டார் வரும்வரை காய்கிற வெள்ளாமையும் இலவசக் கணக்கில் வராது.

நம் 400 அடிக்கு என் தேர்வு: மூன்று பேஸ் சர்வீஸ் இருந்தால் மூன்று பேஸ் மோட்டார், 2.5 செம்பு. சிங்கிள் பேஸ்தான் என்றால் மண்ணுக்குள் 10 அலுமினிய கவசக் கேபிள், நல்ல லக்கோடு. லக் வேலையில் நம்பிக்கை இல்லையென்றால் 6 செம்பு, அதையும் குழாய்க்குள் புதைத்து. 4 செம்பை 375 அடிக்கு உட்பட்டவர்களுக்கும், மீட்டரில் எப்போதும் 230 நிற்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கும் விட்டுவிடுகிறேன்.

கேபிள் வாங்கும்போது 400 அடியை டேப்பால் நேர்கோட்டில் அளந்து வாங்கக் கூடாது. வரப்பு சுற்றிப் போகும் வழியை அளந்து, இரு முனையிலும் ஏறி இறங்கும் உயரத்துக்குச் சேர்த்து, ஏழெட்டு மீட்டர் கூடுதலாக ஒரே துண்டாகக் கேட்க வேண்டும். "ரெண்டு துண்டா இருக்குதுங்க, நடுவுல ஒரு ஜாயின்ட் போட்டுக்கலாமுங்க, விலை குறைச்சுக்கலாமுங்க" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். எர்த்துக்கும் சேர்த்து மூன்று கோர் கேபிளாகக் கேளுங்கள். எர்த் கம்பியில் சாதாரண நாளில் கரண்ட் ஓடாது என்பதற்காக அதை விட்டுவிட்டு இரண்டு கோர் வாங்குகிறவர்கள் உண்டு, ஈரக் காலோடு மோட்டார் ரூமுக்குள் நுழைகிற இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.